தராசும் ஊசியும்: சேலம் - நாமக்கல் சமவெளியில் உடம்பு பற்றிச் சில குறிப்புகள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு என் அக்கா ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். தோசை மாவுக்கும் முட்டை அடுக்குக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் டப்பா. அதிலிருந்து விரல்நுனி அளவுக் குப்பி ஒன்றை எடுக்கிறாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள். புது சிரிஞ்சைப் பிரித்து, அரை மில்லி மருந்தை உறிஞ்சி, காற்றுக் குமிழியைச் சுண்டிவிட்டு, தொப்புளுக்கு மூன்று விரல் தள்ளிச் சதையைக் கிள்ளிப் பிடித்துக் குத்திக்கொள்கிறாள். பத்து எண்ணும் வரை ஊசியை எடுப்பதில்லை. கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மருந்தின் பெயர் டிர்செபடைட். மவுன்ஜாரோ என்ற கம்பெனிப் பெயரில் 2025 மார்ச்சில் இந்தியக் கடைகளுக்கு வந்தது. முதலில் வந்தது குப்பியாகத்தான். ஊசி பொருத்திய பேனா அதே வருஷம் ஆகஸ்டில் வந்தது. அக்கா குப்பியில் பழகிவிட்டாள், இன்னும் மாறவில்லை.

நண்பர்கள் சிலர் கூடியிருந்தபோது இதைச் சொன்னேன். ஒரு தோழர் சிரித்துவிட்டார். "தின்னு கொழுத்தவங்க பிரச்சினைங்க அது. நமக்கு எதுக்கு?" அந்தச் சிரிப்போடுதான் இந்தக் கட்டுரைக்குச் சண்டை. விளம்பரத்தோடு சண்டை போடுவது சுலபம். அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். நம்முடைய சிரிப்போடு சண்டை போடுவதுதான் கஷ்டம். பசியைப் பற்றி எழுதியே வளர்ந்த ஒரு மொழியில், பசியை அணைக்கும் ஊசி நம் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் எப்படி வந்து உட்கார்ந்தது என்று கேட்பதற்குக்கூட நம்மிடம் சொற்கள் இல்லாமல் இருக்கின்றன.

தராசிலிருந்து தொடங்கலாம். 1876இல் மழை பொய்த்து, தாது வருஷப் பஞ்சம் வந்தது. சென்னை மாகாணத்தில் கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் சேலமும் ஒன்று. இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அன்று அதற்குள்தான். 1871 கணக்கெடுப்பில் சுமார் 19.67 லட்சமாக இருந்த மாவட்டத்து ஜனத்தொகை 1881இல் சுமார் 16 லட்சம். செத்தவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள் எல்லாரும் அந்த மூன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட இடைவெளிக்குள் இருக்கிறார்கள். 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் சென்னைக்கு வந்து சேர்ந்தார். 1874 பீகார் பஞ்சத்தில் பர்மா அரிசியை இறக்கி ஜனங்களைக் காப்பாற்றி, அதற்காகவே ஊதாரி என்று திட்டு வாங்கிய மனிதர் இவர். அந்தக் கெட்டபெயரைத் துடைக்க வேண்டிய அவசரம் இருந்தது. கல் உடைத்து, மண் சுமந்து நிவாரண வேலை செய்கிற ஆண்பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக்கிலோவுக்கும் குறைவான தானியத்தின் விலையும், கொஞ்சம் சில்லறையும் போதும் என்று ஒரு அளவை வகுத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் இதை எதிர்த்தார். சிறைக் கைதிக்கு அரசாங்கம் தருகிற உணவைவிடக் குறைவாக உழைக்கிறவனுக்குத் தருவதா என்பது அவர் வாதம். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்த வேண்டியதாயிற்று. அதற்குள் அந்தத் தராசு செய்ய வேண்டியதைச் செய்து முடித்திருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது, ஒரு உடம்புக்கு எவ்வளவு போதும் என்று அரசு எண்ணிக்கையில் கேட்ட கேள்வி. அன்று தராசில் ஏறியது தானியம். இன்று ஏறுவது உடம்பு. நடுவில் நூற்றைம்பது வருஷம்.

ஊசி இந்தச் சமவெளிக்குள் வந்தது வேறு வழியில். முதலில் அம்மை குத்துகிறவராக வந்தது. அவர் வருகிறார் என்றால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிய கதையை எங்கள் அப்பத்தா சொல்லும். புஜத்தில் இரண்டு தழும்போடு முடிந்த கதை அது. பிறகு கம்பவுண்டர் வந்தார். ஊசி என்றால் மருந்து, மருந்து என்றால் ஊசி என்று ஆன காலம். "மாத்தரை கேக்காதுங்க, ஒரு ஊசி போட்டு வுடுங்க" என்பது எங்கள் பக்கம் இன்றைக்கும் எந்த டாக்டர் வீட்டுத் திண்ணையிலும் காதில் விழும் வாக்கியம். ஒரே ஊசியைக் கொதிக்க வைத்து ஊர் முழுக்கப் போட்ட அந்தக் காலம் 90களில் பயத்தோடு முடிந்தது. 1986இல் சென்னையில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் லாரித் தொழிலின் ஊரான நாமக்கல், தொற்று மிகுந்த மாவட்டங்களின் பட்டியலில் ஏறியது. சீட்டு எழுதிக்கொடுக்கும்போதே 'புது ஊசி வாங்கிட்டு வா' என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் இத்தனை காலத்திலும் ஊசி இன்னொருவர் கையில்தான் இருந்தது. அரசாங்கத்தின் கை, கம்பவுண்டர் கை, நர்ஸம்மா கை. நம் வேலை முகத்தைத் திருப்பிக்கொள்வது மட்டும்தான்.

எங்கள் வீட்டில் அது கை மாறிய நாள் எனக்குத் தெரியும். அம்மாவுக்குச் சர்க்கரை. 80களின் நடுவில் இன்சுலின் எழுதினார்கள். கண்ணாடி சிரிஞ்சு, எவர்சில்வர் கிண்ணத்தில் கொதிக்கும் தண்ணீர், ஃபிரிட்ஜ் இல்லாததால் ஈர மணலில் புதைத்த மண்கலயத்துக்குள் மருந்து. தினமும் காலையில் ஒரு கம்பவுண்டர் சைக்கிளில் வருவார். ஐப்பசி மழையில் ஓடை நிரம்பி இரண்டு நாள் அவர் வரவில்லை. மூன்றாம் நாள் அம்மா தானே போட்டுக்கொண்டாள். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மா, சிரிஞ்சில் கோடு எண்ணக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். "சீலைக்கு ஊக்கு குத்தறதுதான், என்ன இப்ப" என்றாள். கம்பவுண்டர் மறுநாள் வந்து கோபித்துக்கொண்டார். அவர் போய்ச் சேர்ந்ததும் அம்மா சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு அவள் முகத்தில் அதிகம் பார்க்கவில்லை.

வீட்டில் தானே குத்திக்கொள்ளும் பழக்கத்துக்கு நூறு வருஷத்து வரலாறு உண்டு. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். மனிதர்க்குக் கொடுக்கும்படி அதைச் சுத்தப்படுத்தியவர் காலிப். 1922 ஜனவரியில் முதல் ஊசி போட்டுக்கொண்ட லியனார்டு தாம்சனுக்குப் பதினாலு வயது; எடை 65 பவுண்டு, முப்பது கிலோகூட இல்லை. அதற்கு முன் சர்க்கரை நோய்க்கு இருந்த ஒரே வைத்தியம் பட்டினி போடுவது. ஃபிரெடரிக் ஆலன் என்ற டாக்டர் பெயரில் அது ஒரு முறையாகவே இருந்தது. அமெரிக்க வெளியுறவுச் செயலரின் மகள் எலிசபெத் ஹியூஸ் அந்தப் பட்டினியில் மூன்று வருஷம் கிடந்து, 1922 ஆகஸ்டில் டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தபோது எடை 45 பவுண்டு. அவள் தானே ஊசி போட்டுக்கொள்ளக் கற்றாள், சதை திரும்பியது, 1981 வரை வாழ்ந்தாள். பாஸ்டனில் ஜாஸ்லின் என்ற டாக்டர், நோயாளிக்கு ஊசி போடச் சொல்லிக்கொடுப்பதையே வைத்தியத்தின் பாதியாக்கினார். ஆக, வீட்டு ஊசி பிறந்தது எலும்பின் மேல் சதை போடுவதற்காக. அதே இடம், அதே கிள்ளு, அதே கோணம். இன்று சதையைக் கழிப்பதற்காக.

கண்டுபிடித்தவர்கள் இன்சுலின் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள். 1922இல் அங்கே போன டென்மார்க்கின் ஆகஸ்ட் க்ரோ, மனைவி மாரிக்குச் சர்க்கரை என்பதால், அதைத் தயாரிக்கும் அனுமதியோடு ஊர் திரும்பினார். அடுத்த வருஷம் நோர்டிஸ்க் பிறந்தது. 1925இல் போட்டிக்கு நோவோ. 1985இல் சட்டைப்பையில் செருகும் பேனா வடிவ ஊசியை விற்பனைக்குக் கொண்டுவந்தது நோவோ. 1989இல் இரண்டும் ஒன்றாயின. பேனா என்பது வெறும் வசதி அல்ல. ஊசியை ஊசி போலத் தெரியாமல் ஆக்கியது அதுதான். பேனா வராமல் இந்த மெலியும் ஊசி வீட்டுக்குள் இவ்வளவு சுலபமாக வந்திருக்காது.

மருந்தின் கதை இன்னொரு பக்கம். சாப்பிட்டதும் குடல் சுரக்கும் ஜிஎல்பி-1 என்ற சுரப்பு, இன்சுலினைத் தூண்டும், வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும், போதும் என்று மூளைக்குச் சொல்லும். ஆனால் இரத்தத்தில் சில நிமிஷங்களில் கரைந்துபோகும். 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் எங் என்பவர் ஹீலா என்னும் நச்சுப் பல்லியின் எச்சிலில் இதைப் போன்றதொரு பொருளைக் கண்டார். அது சீக்கிரம் கரைவதில்லை. 2005இல் அது சர்க்கரை மருந்தாயிற்று. பிறகு தினம் போடும் லிராகுளூடைட், வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைட். 2017இல் ஓசெம்பிக் என்று சர்க்கரைக்கு, 2021இல் வெகோவி என்று எடைக்கு. ஜிஎல்பி-1இன் செயல்படும் வடிவத்தை அடையாளம் காண்பதில் பெரும்பங்காற்றிய ஸ்வெட்லானா மோய்சோவ் என்ற பெண் விஞ்ஞானியின் பெயர் காப்புரிமைகளில் விடுபட்டது. சண்டை போட்டுத்தான் அதைச் சேர்க்க வேண்டியிருந்தது. பரவலாக அங்கீகாரம் வந்தது 2024இல் லாஸ்கர் விருதோடு. முதல் இன்சுலினுக்கு ஆளுக்கு ஒரு டாலர்; இந்த மருந்துகளின் பணத்தில் ஒரு நாட்டின் பொருளாதாரமே ஏறி இறங்குகிறது. வரலாறு முன்னேறுகிறது என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

யாருக்கு ஊசி என்று தீர்மானிக்கும் அளவுகோலுக்கும் ஒரு கதை இருக்கிறது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கும் கணக்கு, 19ஆம் நூற்றாண்டு பெல்ஜிய வானியலாளர் கெத்தலேயுடையது. 'சராசரி மனிதன்' எப்படி இருப்பான் என்று தேடியவர் அவர். அந்தக் கணக்கை எடுத்து 1972இல் 'உடல் நிறை எண்' என்று பெயர் வைத்தவர் ஆன்செல் கீஸ். இவர் யார்? இரண்டாம் உலகப் போரின் கடைசியில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை அவர்கள் சம்மதத்தோடு அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தவர். பசித்தவன் சோற்றைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை என்பதைக் குறிப்பேடு போட்டு எழுதிவைத்தவர். பட்டினியை அளந்த கைதான் பருமனை அளக்கும் எண்ணுக்கும் பெயர் வைத்தது. அந்த எண் 30க்கு மேல் போனால் மருந்து; 27க்கு மேல் போய்ச் சர்க்கரையோ ரத்தக்கொதிப்போ இருந்தாலும் மருந்து. இந்தியர்களுக்கு 25 தாண்டினாலே பருமன் என்று 2009இல் மருத்துவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். நம் உடம்பு வெளியே ஒல்லியாக இருந்தாலும் வயிற்றுக்குள் கொழுப்பு சேர்க்கும் என்பது காரணம். புனேயில் யாஜ்னிக் குழு பிறந்த குழந்தைகளிலேயே இதைக் காட்டியது.

ஏன் அப்படி? இங்கேதான் நம் போன்றவர்களுக்கு ஒரு சபலம் வரும். பஞ்சத்தில் தப்பிப் பிழைத்த உடம்பு கிடைத்ததைச் சேர்த்துவைக்கப் பழகியது, அந்த ஞாபகம் பேரப்பிள்ளைகள் வயிற்றில் தொப்பையாக நிற்கிறது, டெம்பிள் நிறுத்துப் போட்ட ஒரு பவுண்டுக்கு அக்கா இன்று ஊசியால் பதில் சொல்கிறாள் என்று எழுதிவிடலாம். எழுதினால் அழகாகவே இருக்கும். 1962இல் நீல் என்ற மரபியலாளர் சொன்ன 'சிக்கன மரபணு'வும், கருவில் பட்ட பசி பின்னாளில் நோயாகும் என்ற பார்க்கரின் ஆய்வும் துணைக்கு நிற்கும். ஆனால் எனக்கு இதில் ஒரு உறுத்தல். தாது வருஷத்தில் யார் செத்தார்கள்? நிலமில்லாத கூலிகள், நெசவாளிகள், சேரிக்காரர்கள். களஞ்சியத்தில் கம்பு இருந்த வீடுகள் அத்தனையாகச் சாகவில்லை. 2025இல் மாதம் பதினாலாயிரம் கொடுத்து ஊசி போட முடிந்தவர்களில் பெரும்பாலோர் எந்த வீட்டு வாரிசுகள்? எங்கள் வீட்டையும் சேர்த்தே கேட்கிறேன். எல்லா உடம்பையும் ஒரே பஞ்சத்தின் பிள்ளைகளாக்குவது, சாதியை மரபணுவுக்குள் கரைத்துவிடும் வேலை. அதை விஞ்ஞானத்தின் பெயரில் செய்தாலும் வேண்டாம், ஏகாதிபத்திய எதிர்ப்பின் பெயரில் செய்தாலும் வேண்டாம்.

காரணம் கிட்டத்திலேயே கிடக்கிறது. கேழ்வரகுக் களியும் கம்பஞ்சோறும் தின்ற ஊர் இது. இரண்டாம் உலகப் போரில் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வரத்து நின்றுபோக, சேலத்தில் குச்சிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் பிடித்தது. புஞ்சைகள் கிழங்குக்குப் போயின. ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது 1967. விலையில்லா அரிசி என்றது 2011. இதைக் குறைசொல்லி நான் எழுதமாட்டேன். அந்த அரிசி இல்லாவிட்டால் எத்தனை அடுப்பு எரிந்திருக்காது என்று தெரியும். ஆனால் தட்டில் அரிசி நிறைந்த அளவுக்கு வேறெதுவும் நிறையவில்லை. லாரி ஸ்டியரிங்கின் பின்னால் பதினெட்டு மணி நேரம், தறிக்கூடத்தில் ராத்திரி ஷிப்ட், பஸ் ஸ்டாண்டில் பரோட்டா. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் (2019-21) தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது பருமன். அதே கணக்கெடுப்பில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இரண்டு எண்களும் பல நேரம் ஒரே பெண்ணின் உடம்பில் இருக்கின்றன. தின்று கொழுத்தவள் என்று சிரித்த தோழர் இந்த இரண்டாவது எண்ணையும் சேர்த்து வாசிக்கட்டும்.

நாமக்கல்காரர்களுக்கு எடை பார்ப்பது புதிதல்ல. முட்டைக்கோழிப் பண்ணைகளில் வளரும் குஞ்சுகளை வாரம் ஒருமுறை தராசில் போட்டு, இந்த வயதுக்கு இத்தனை கிராம் என்று இனத்தை விற்ற கம்பெனி தந்த அட்டவணையோடு ஒப்பிட்டு, தீனியைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். ராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி போடும் பெண்கள் ஒரு கையில் கோழியைத் தூக்கி மறுகையில் குத்திவிட்டு அடுத்ததற்குப் போகும் வேகத்தை நின்று பார்த்திருக்கிறேன். உவமையாகச் சொல்லவில்லை. அக்கா முதல் வாரம் கைநடுங்கியபோது பக்கத்து வீட்டிலிருந்து வந்து சொல்லிக்கொடுத்தது பண்ணை வேலைக்குப் போகும் ஒரு பெண். "கோழிக்குப் போடறதவுட இது லேசுங்க டீச்சர், இது கொத்தாது."

பணம். 2025இல் கடைக்கு வந்தபோது மிகக்குறைந்த அளவுக் குப்பி ஒன்று 3,500 ரூபாய், மாதம் நாலு. 2025-26க்கு நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு அறிவித்த நாள்கூலி 336 ரூபாய். ஒரு மாத ஊசிக்கு நாற்பத்திரண்டு நாள் மண் வெட்ட வேண்டும். செமாகுளூடைட்டின் காப்புரிமை இந்தியாவில் 2026 மார்ச் வரைதான். உள்நாட்டுக் கம்பெனிகள் அந்தத் தேதியை எண்ணிக்கொண்டுதான் ஆலைகளைத் தயார்செய்தன. விலை இறங்கும்போது கேள்வியும் இடம் மாறும். மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும்? செமாகுளூடைட் ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாகப் பதினைந்து விழுக்காடு எடை குறைந்தது. நிறுத்திய ஒரு வருஷத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. அதாவது இது வாடகை. கட்டுகிற வரைதான் மெலிந்த உடம்பில் குடியிருக்கலாம். அக்காவின் குப்பி வந்த அதே 2025இல், ஜூலையில், பள்ளிப்பாளையத்தில் கடன்பட்ட விசைத்தறித் தொழிலாளர்கள் சிறுநீரகம் விற்ற செய்தி வெளியானது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். ஆனால் இரண்டும் ஒரே பஸ் ரூட்டில் நடந்தன.

பூக்கோவை எடுத்து இங்கே பொருத்துவது சுலபம். உயிரதிகாரம், தன்னைத்தானே கண்காணிக்கும் உடல், இத்யாதி. அக்கா எடைமெஷினில் ஏறி நோட்டில் எழுதிக்கொள்வதைப் பார்த்தால் அவர் புத்தகத்துக்கு அட்டைப்படம் போடலாம். பொருத்திவிட்டு நாம் எழுந்து போய்விடுவோம். அவள் முழங்கால் வலி அங்கேயே இருக்கும். இருபது வருஷமாக எந்த நோய்க்குப் போனாலும், காய்ச்சலுக்குப் போனாலும்கூட, "ஒடம்பக் கொறைங்கம்மா" என்பதுதான் அவள் கேட்ட வைத்தியம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர் அவளுக்குத் தெரியும். அவள் காலையில் நடந்தாள், சோற்றை விட்டாள், கொள்ளு குடித்தாள். குறைந்தது, ஏறியது. 2023இல் வந்த ஒரு பெரிய ஆய்வு, இருதய நோயுள்ள பருமனானவர்களுக்குச் செமாகுளூடைட் மாரடைப்பு, பக்கவாதம், இருதயச் சாவு இவற்றை ஐந்தில் ஒரு பங்கு குறைத்ததாகச் சொல்கிறது. இது அழகுசாதனம் அல்ல. குமட்டல், வாந்தி, மலச்சிக்கல், சதையோடு தசையும் கரைவது எல்லாம் கூடவே வருகின்றன. டாக்டர் பார்வையில் இல்லாமல் கடையில் கேட்டு வாங்கிப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், அது ஆபத்து.

எனக்கு விளங்காத ஒன்றை அவளிடமே கேட்டேன். பசி இல்லாமல் இருப்பது எப்படி இருக்கிறது?

"சோத்து நெனப்பே வர்றதில்ல தம்பி. முன்னெல்லாம் அடுத்த வேளைக்கு என்னன்னு உள்ள ஒரு சத்தம் ஓடிட்டே இருக்கும். அது நின்னுபோச்சு. நிம்மதியாத்தான் இருக்குது." கொஞ்சம் பேசாமல் இருந்தாள். "அம்மா வெக்கற குழம்பு வாசம் கனவுல வரும் முந்தியெல்லாம். இப்ப அதுவும் வர்றதில்ல. நீ எழுதறதுன்னா எழுது. சிரிக்க மட்டும் சிரிக்காத."

பசி ஒரு சத்தம் என்று அவள் சொன்னதை நான் எந்தப் புத்தகத்திலும் வாசித்ததில்லை. பசியை உரிமையாகவும் கோபமாகவும் ஓட்டாகவும் பேசியிருக்கிறோம். 1982இல் சத்துணவு வந்ததும் அதற்குப் பின் இந்த ஊர் முட்டை அந்தத் தட்டில் ஏறியதும் அந்தப் பேச்சின் விளைவுதான். நிறுத்திவைக்க முடிகிற ஒரு சத்தமாக, மாதச் சந்தா கட்டி அணைக்கிற ஒன்றாக அது ஆகும்போது அதை எந்த அரசியலில் வைத்துப் பேசுவது?

இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது. போட்டு முடித்த ஊசி எங்கே போகிறது? 2016இன் திடக்கழிவு விதிகள் வீட்டு ஊசிகளை அபாயக் கழிவு என்று தனியே பிரிக்கச் சொல்லின. எங்கள் தெருவில் பச்சை வாளி, நீல வாளி இரண்டோடு சரி. குப்பை வாங்க வரும் அம்மா அருந்ததியர் தெருவிலிருந்து வருகிறவர். ஒப்பந்தக் கூலி, கையுறை கொடுத்தால் உண்டு. போன மாசி மாதம் சுட்டுவிரலைக் காட்டினார். "கவரக் கட்டும்போது குத்திருச்சுங்க. எந்த வூட்டு ஊசியோ, என்ன சீக்கோ." ஆஸ்பத்திரிக்குப் போனீர்களா என்று கேட்டேன். ஒரு நாள் கூலி போகுமே என்றார்.

அன்றிலிருந்து அக்கா ஊசிகளை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடிவைக்கிறாள். மருந்துக்கடையில் கேட்டோம், திருப்பி வாங்கமாட்டார்களாம். ஒரு ஆஸ்பத்திரியில் கேட்டோம், எங்கள் நோயாளி ஊசி மட்டும்தான் என்றார்கள். பாட்டில் நிறைந்துவிட்டது. ஃபிரிட்ஜின் மேலேயே இருக்கிறது.